துக்க வீட்டில் சாத்திய கதவு

என் அக்கா,

உன் அடையாறு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ போன இந்த ஒரு வாரத்திலேயே உன் பெயரைக் கெடுத்துவிட்டேன். திட்டுவதற்கு நீ இல்லை. அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்கழியில் மங்கி குல்லா போட்டுக்கொண்டு போனில் பேசுவாயே, ஞாபகம் இருக்கிறதா? "இங்க என்னா குளிரு தெரியுமாடி!" என்பாய். "அக்கா, அந்தக் குளிருல கனடாவுல நாங்க அரைக்கை சட்டை போட்டுக்கிட்டு பார்க்குக்குப் போவோம்" என்று சிரிப்பேன். "உனக்கு உடம்பா, ஐஸ் பெட்டியா?" என்று கேட்பாய். நீதான் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் என்ன மாறிப்போனது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அங்கே பனிக்காலத்தில் வாசல் கதவு கொஞ்ச நேரம் திறந்திருந்தால் போதும், வீடே விறைத்துப்போகும். பிள்ளைகளிடம் நான் அதிகம் பேசிய தமிழே 'கதவைச் சாத்து' என்பதுதான். இத்தனை வருஷத்தில் கதவைக் கண்டால் கை தானாகப் போகிறது.

உன்னை எடுத்த மறுநாள் மதியம், கத்திரி வெயில். உறவுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மாமா அழுது ஓய்ந்து உள்ளறையில் படுத்திருந்தார். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க நீ முட்டுக்கொடுத்து வைத்திருந்த குழவிக்கல்லை நகர்த்தினேன். கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுத் தூங்கிப்போனேன்.

சாயங்காலம் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு ரோஜா மாலை தொங்கியது. வெயிலில் கருகிப் போயிருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு, "செல்வி வந்துட்டுப் போயிருக்கும்மா" என்றார். உனக்கு மீன் விற்க வந்து, மதியமெல்லாம் உன்னோடு இதே கூடத்தில் டீ குடித்துக் கதைபேசிய செல்வி.

துக்க வீட்டில் யாரும் மணி அடிக்க மாட்டார்கள், கூப்பிட மாட்டார்கள், திறந்த கதவு வழியாக நேரே வந்து அழுவார்கள். எனக்குத் தெரியாதா அக்கா? அம்மா போனபோது நாம் இரண்டு பேரும் அப்படித் திறந்த கதவுக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தோம்?

மறுநாள் காலையில் செல்வி இருக்கும் ஊரூர் மீனவர் குப்பத்துக்குப் போனேன். செல்வி என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். அந்த மரியாதையே என்னைச் சுட்டது.

"நாலு பேரு வந்தோம்மா. கதவு சாத்திக் கீது. உள்ள ஏசி ஓடுற சத்தம் கேக்குது. சாவு வூட்டுல பெல்லு அடிக்கலாமா? தங்கச்சி ஃபாரின்லேர்ந்து வந்துகீது, நம்பளயெல்லாம் உள்ள வுடாது போலன்னு வந்துட்டோம்."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல செல்வி. அங்க ரொம்பக் குளிரு. கதவ உடனே சாத்திப் பழகிடுச்சு."

வியர்வை வழிய நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இங்க ஏதும்மா குளிரு?" என்றாள்.

கதவைச் சாத்தியதற்குப் பழக்கமும் வெயிலும் மட்டும்தான் காரணமா? வருகிறவர்களின் கூட்டமும் ஒப்பாரியும் கொஞ்ச நேரம் வேண்டாம் என்று எனக்கும் தோன்றியதா? உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை. தோன்றியது. வெட்கமாக இருக்கிறது அக்கா.

"வா செல்வி" என்று கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. துக்கத்துக்கு யாரையாவது அழைப்பார்களா? முழுங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

இப்போது குழவிக்கல் அதன் இடத்தில் இருக்கிறது. ஏசி ஓடவில்லை. அனல் நேராக முகத்தில் அடிக்கிறது, எழுதுகிற தாள் கையில் ஒட்டுகிறது. தெருவில் மீன் விற்கிற குரல் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன். இதுவரை அவள் இல்லை.

நான் ஊருக்குக் கிளம்பும் நாள் வரை இந்தக் கதவைச் சாத்த மாட்டேன் அக்கா. அவள் வந்தால் 'வா' என்று சொல்ல மாட்டேன். நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுவேன்.

உன் வாசலில் காத்திருக்கும்,
உன் தங்கச்சி