முதலாவது விருப்பம்

உன் அம்மா போன கிழமை சல்லியிலிருந்து பஸ் ஏறி, பாலையூற்றில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை. அதற்குள் பல்கலைக்கழக அனுமதிக் கைநூல், நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய அந்த ஒரே பிரதி.

"உங்கட அக்காவின்ர மகள் இந்த வருசம் கம்பசுக்குப் போடுறாளாம். அவளுக்கு உதவும், பிள்ளை."

பன்னிரண்டு வருடப் பழைய புத்தகம். அதிலுள்ள பாதி விபரம் இன்றைக்குப் பொருந்தாது. அதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? "ஓம் அம்மா, நல்லது" என்று வாங்கிக்கொண்டேன். விரித்ததும், உங்கள் வீட்டில் காயவைக்கும் கருவாட்டின் வாசம். உன் கொப்பிகளில் இருந்த அதே வாசம். வகுப்பில் யாராவது மூக்கைச் சுளித்தால், "மணக்குதோ? இன்னும் கிட்ட வாங்கோவன்" என்பாய். வெட்கப்படுவது அவர்களாகத்தான் இருக்கும்.

நீ போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. டெங்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு நான் புறப்படுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் சாவுக்கு நான் காரணமில்லை. ஆனால் நீ வாழ்ந்த வாழ்க்கையில் என் கை பட்டிருக்கிறது.

உனக்கு எது பொருந்தும் என்று எங்கள் வகுப்புக்கே தெரியும். யாருக்காவது தலையிடி என்றால் நாங்கள் மாத்திரை தேடுவோம். நீ பக்கத்தில் இருந்து, "எப்ப தொடங்கினது?" என்று கேட்பாய். தலையிடியில் தொடங்கியவர்கள் வீட்டுச் சண்டைவரை சொல்லி முடிப்பார்கள். சித்த மருத்துவம்தான் உன் விருப்பம். படிக்கும் வளாகமும் உன் ஊருக்குக் கிட்ட. எனக்கோ எப்படியாவது இந்தத் துறைமுக ஊரைவிட்டு ஓடவேண்டும். மலைநாட்டில் விவசாயம் படிக்கவேண்டும், விடுதியில் இருக்கவேண்டும்.

விண்ணப்பம் போட நகரத்தில், கணினியும் இணையமும் உள்ள ஒரு கொம்யூனிகேஷன் கடையில் இருந்தோம். விருப்பங்களை ஒழுங்காக அடுக்கவேண்டும். மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைப் பார்க்கவே மாட்டார்கள். அது இருவருக்கும் தெரியும்.

"விவசாயத்தை முதலாவதாப் போடு. எங்கட புள்ளிக்கு அது கிடைக்காது. ஆக்கள் முதலாவது என்ன போட்டனீங்கள் எண்டு கேட்டா, சொல்லிக்கொள்ள நல்லா இருக்கும்" என்றேன் நான்.

ஊரில் பலர் அப்படித்தான் செய்தார்கள். முதலாவது இடம் சொந்தக்காரருக்குக் காட்ட, இரண்டாவது தனக்கு. நீ விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாய். பிறகு, "சரி, போடு" என்றாய். இருவருக்கும் ஒரே பட்டியலை நானே தட்டினேன்.

உனக்கு முதலாவது கிடைத்தது. அந்த வருடம் அனுமதிக்குத் தேவையான வெட்டுப்புள்ளி ஏறியதில் நான் மயிரிழையில் தவறினேன். எனக்கு இரண்டாவது கிடைத்தது.

நீ குளிருக்குள் தனியாகப் போனாய். பிறகு ஏதோ ஒரு ஊரில், ஒரு விதைக் கம்பனியின் கந்தோரில், ஆட்களோடு கதைக்கத் தேவையில்லாத வேலை. நான் மூதூரில் சித்த வைத்தியர். உன் கதிரையில் இருந்துகொண்டு, வருகிற சனத்திடம் உன் கேள்வியையே கேட்கிறேன். "எப்ப தொடங்கினது?" அவர்கள் என்னை நல்ல டொக்டர் என்கிறார்கள். எனக்குக் கூசுகிறது.

ஒருமுறை லீவில் வந்தவள் என்னைப் பார்க்க அங்கே வந்தாய். நோயாளிகள் போனபின், மருந்து அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு போத்தலாக வாசித்தாய். திரும்பிப் பார்க்காமலே கேட்டாய்.

"கிடைக்காது எண்டு நினைச்சுத்தானேடி அண்டைக்குச் சொன்னனி?"

"ஓமடி, சத்தியமா."

நீ அலுமாரியைச் சாத்திவிட்டு, "தேத்தண்ணி தரமாட்டியோ, டொக்டர்?" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு நீ அதைக் கேட்கவேயில்லை.

நேற்று அக்காவின் மகள் வந்தாள். தானும் தன் சிநேகிதியும் ஒரே இடத்துக்குப் போடப் போவதாகச் சொன்னாள். "அவளுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டேன். "தெரியா அன்ரி. நான் சொன்னா அவள் போடுவாள்" என்றாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. பாவம், ஏன் ஏசுகிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்தச் சிநேகிதி தனியாக இருந்து தன் பட்டியலைத் தானே எழுதட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அவள் போனபின் உன் கைநூலை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், கடைக்குப் போனதற்கு முதல்நாள் திகதியிட்டு நீ பென்சிலால் எழுதிய பட்டியல். சித்த மருத்துவத்துக்கு முன்னால் ஒன்று போட்டு, அழித்து, இரண்டு ஆக்கியிருக்கிறாய். நான் வாய் திறக்க முதலே. விவசாயத்துக்கு முன்னால் ஒன்று. பக்கத்தில் உன் சின்ன எழுத்து: "தனியப் போக அவளுக்குப் பயம்."

எல்லாம் தெரிந்துகொண்டுதான் மருந்து அலுமாரிக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறாய். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி விட்டிருக்கிறாய். நானோ சத்தியம் பண்ணினேன்.

இப்போது சொல்கிறேன், கேள். அதற்கு முந்தின வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வந்தனான். உனக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கிடைக்காது என்றுதான் தெரியாது.