பானட்டில் இரண்டு கட்டைவிரல்

தம்பிக்கு,

நாம் சேர்ந்து துண்டு துண்டாக ஒட்டி, நீ கோபித்துக்கொண்டு போன நாளில் பாதியில் நின்ற பிளாஸ்டிக் ரேஸ் கார் மாடலை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டேன். இப்போது பார்த்தால் அசந்துபோவாய். ரிப்பனை வெட்டி சீட் பெல்ட் வைத்தேன். பழைய இயர்போனைப் பிரித்து, மயிரிழை போன்ற கம்பிகளை எடுத்து எஞ்சினுக்கு ஒயர் ஒட்டினேன்.

பானட்டில் உன் கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது. பசை பட்ட விரலால் தொட்டால் பிளாஸ்டிக் இளகி அச்சு விழுந்துவிடும் என்று அன்று உன்னிடம் என்ன கத்து கத்தினேன்! அதைத் தேய்த்து எடுக்கத்தான் நேற்று உப்புத்தாளோடு உட்கார்ந்தேன். பானட்டை அழுத்திப் பிடித்தேன். ஒயர் ஒட்டிய பசை என் கட்டைவிரலில் இருந்ததைக் கவனிக்கவில்லை. உன் ரேகைக்குப் பக்கத்திலேயே என் ரேகை!

உன் அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "அன்னிக்குத் தம்பிய அந்த வாங்கு வாங்கினியே, இப்ப யாரைத் திட்டப் போற?"



உப்புத்தாளை எடுத்து வைத்துவிட்டு, இரண்டின் மேலும் சிவப்பு பெயின்ட் அடித்தேன். அப்படியும் தெரிகிறது. என்னுடையதுதான் ஆழம்.

முன்கண்ணாடி மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை வந்து நீயே ஒட்டு. என் கையை நம்ப முடியாது.

பசை இன்னும் போகாத விரலோடு,
உன் அக்கா