இரட்டைப்படைச் செய்திகள்

ஜூலை 2

காலையிலிருந்து சாரல். ஆஸ்பத்திரிப் பை கட்டினேன். இரண்டு நைட்டி, துண்டு, ஸ்கேன் படம், வேதாகமம், பிளாஸ்க்.

நாளை மறுநாள் கழுத்துக் கட்டிக்கு ஆப்பரேஷன். குரல் நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறதாம். "குரல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம்" என்றார் டாக்டர், லேசான மழை பெய்யலாம் என்று நான் செய்தியில் வாசிப்பேனே, அந்த மாதிரி. பத்தொன்பது வருஷமாக இந்தக் குரல்தான் எனக்குச் சோறு, பேர், எல்லாம். பயமாக இருக்கிறது. வீட்டில் இவரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் செய்தி. எங்களுடையது நாகர்கோவிலில் ஒரு சின்ன கேபிள் டி.வி. ஒன்று, மூன்று என ஒற்றைப்படைச் செய்திகள் கூட வாசிக்கும் சுயம்பு அண்ணாச்சிக்கு, இரட்டைப்படை எனக்கு. முதல் நாளிலிருந்து அப்படித்தான். கடைசியில் வரும் மரண அறிவிப்புகள் மட்டும் முழுக்க எனக்கு. திரையில் போட்டோ, பின்னால் என் குரல். அந்த அக்கா வாசித்தால் போதும் என்று இறந்தவர் வீட்டார் கேட்டு வாங்குவார்கள். இன்று ஐந்து பேர். மெதுவாக வாசித்தேன்.

கிளம்பும்போது அண்ணாச்சி: "எம்மா, பயப்படாண்டாம். ஒனக்க நாற்காலிய ஒருத்தனும் தொட மாட்டான், கேட்டியா."

ஜூலை 5

முடிந்தது. மயக்கம் முழுதாக இறங்கவில்லை. கட்டில் மிதக்கிறது. ஜன்னலில் தென்னை, மேகம், மறுபடி தென்னை. எங்கோ தூரத்தில் யாரோ தோவாளைப் பூச்சந்தைச் செய்தி வாசிக்கிறார்கள், என் குரலில். கண்ணைத் திறந்தால் ஃபேன்.

பேசப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

நர்ஸ்: "அக்கா, மிண்டப்பிடாது. என்ன வேணும்னாலும் கையக் காட்டுங்க."

ஜூலை 8

வீடு. கஞ்சி, துவையல், இரண்டும் இவர் செய்தது. மஸ்கட்டில் பல வருஷம் தனியாகப் பொங்கித் தின்றவர். உப்பெல்லாம் சரி.

டி.வி. போட்டார். அண்ணாச்சி மட்டும். பக்கத்தில் என் நாற்காலி, காலியாக. முதல் செய்தி: திற்பரப்பு அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. வாசித்துவிட்டு நிறுத்தினார். லேசாக நாற்காலிப் பக்கம் திரும்பினார். ஒன்று, இரண்டு, மூன்று நொடி. எனக்காகக் காத்திருக்கிறார்! பிறகு சுதாரித்து இரண்டாவதை அவசரமாக வாசித்தார். மூன்றாவது முடிந்ததும் மறுபடி அதே கதை. ஐந்தாவதிலும்.

இவருக்கு ஒரே சிரிப்பு. "ஏற்கெனவே ஊருல பாதிப்பேரு அவரத்தான் ஒனக்க மாப்பிள்ளைன்னு நெனச்சிட்டிருக்கு. இனி நான் கல்யாண ஆல்பத்தத் தூக்கிட்டு நடக்கணும் போல."

சிரித்தால் தையல் இழுக்கிறது. அந்த மூன்று நொடி அமைதி நன்றாக இருந்தது. படுக்கப் போகிற வரை காதில் இருந்தது. கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 24

குரல் வந்தது. ஆனால் என்னுடையது இல்லை. கனமாக, அடியில் கரகரப்போடு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊர்ப் பேராகச் சொல்லிப் பார்த்தேன். தக்கலை, குலசேகரம், தோவாளை. முன்பின் தெரியாத ஒருத்தி என் வீட்டுக்குள் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. வாளி நிரம்பி வழிந்ததைக் கவனிக்கவில்லை.

இதுவே இனி நிலைக்கும் என்கிறார் டாக்டர்.

தேங்காய்க்காரனுக்கு ஃபோன் பண்ண வேண்டும். இவரே பண்ணட்டும்.

ஆகஸ்ட் 1

வெயில். டி.வி. ஸ்டேஷன் போனேன். வணக்கம் சொன்னதும் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"இன்னைக்கு அறிவிப்பு மட்டும் வாசி. முகம் காட்டாண்டாம். நாளைக்குள்ளத நாளைக்குப் பாப்போம்."

மூன்று பேர். பேர், ஊர், அடக்க ஆராதனை நேரம். தடங்கல் இல்லை. எப்படி இருந்தது என்று யாரையும் கேட்கவில்லை. வெளியே வந்து சாயா ஊற்றும்போது ஆபீஸ் ஃபோன் அடித்தது. அண்ணாச்சி உள்ளே இருந்தார். நானே எடுத்தேன்.

கருங்கலிலிருந்து ஒரு பெண். "இப்பம் மரண அறிவிப்பு வாசிச்சது யாரு, புதுப் பிள்ளையா? நல்லா நிதானமா வாசிச்சா. அந்தப் பழைய அக்காவுக்கு இப்பம் எப்படி இருக்கு? எங்க அப்பாவுக்க அறிவிப்ப அவியதான் வாசிச்சாவ. பாத்தா நான் விசாரிச்சேன்னு சொல்லணும், கேட்டியளா?"

"சொல்லுகேன்" என்றேன்.