லூப்பே வீட்டில் இல்லை

செப்டம்பர் 9

இன்றும் லூப்பே வீட்டில் இல்லையாம். வலைப்பந்துப் பயிற்சி. போன சனிக்கிழமை தேவாலயப் பாட்டுக் குழு, அதற்கு முந்தினது பல் டாக்டர். போனை எடுக்க ஃபுசி அக்கா மட்டும் எப்போதும் இருக்கிறாள். "பதினாலு வயசுடி சேலா. இப்ப ஃப்ரெண்ட்ஸ்தான் அவளுக்கு உலகம். மனசுல வெச்சுக்காத."

என் மகள் என்னோடு பேசி ஏழு வாரம்.

அறைக்குத் திரும்பினால் கெர்ரி, "என்னடி, இன்னைக்கும் அக்காகூடதான் காதலா?" என்றாள். ஒரே அறை, கோபித்துக்கொள்ள முடியுமா? சிரித்துத் தொலைத்தேன்.

செப்டம்பர் 15

அக்கா சொன்ன படிவம் தபாலில் வந்தது. பள்ளிச் சுற்றுலாவுக்கு அம்மாவின் சம்மதம் வேண்டுமாம். நாலு பக்கம். அவள் பென்சிலால் குறி போட்டிருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். சந்தோஷமாக இருந்தது. அம்மா என்று கையெழுத்துப் போட இன்னும் ஓர் இடம் இருக்கிறதே.

செப்டம்பர் 23

போன் வரிசை நீளம். பேசவில்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

எல்லோரும் தேவாலயத்தில் இருக்கும் நேரம். தெரிந்தும் சும்மா போட்டுப் பார்த்தேன். இது சிறையிலிருந்து வரும் அழைப்பு என்று எந்திரக் குரல் சொல்லி முடித்ததும் —

"அம்மாவா?"

லூப்பே! காய்ச்சலாம், அவளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்காவின் போன் சார்ஜில் கிடந்ததாம்.

"இப்ப எதுக்குக் கூப்பிடுற? நான் பேசினா உனக்கு அங்க நாள் ஓட மாட்டேங்குதுன்னு சொன்னியாமே. என்கிட்ட போன குடுக்க வேணாம்னு பெரியம்மாகிட்ட நீதான சொன்ன?"

நானா? நான் எப்போது சொன்னேன்?

"வாரா வாரம் உன்னத்தான்டா கேக்குறேன்!"

அவள் அழவில்லை. "டிசம்பர்ல டோங்கா தீவுக்குப் போறோம். இனிமே ஸ்கூலெல்லாம் அங்கதான். நீ கையெழுத்துப் போட்டதாலதான் எனக்கு பாஸ்போர்ட் வருதாம்."

ஓர் அழைப்புக்கு உள்ள பத்து நிமிடம் முடிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் —

அக்டோபர் 7

அக்காவிடம் கத்தினேன். அவள் கத்தவே இல்லை.

"ஆமா, பொய்தான் சொன்னேன். குடிச்சிட்டு வண்டி ஓட்டி ஒரு மனுஷனோட காலை வாங்கிட்டு நீ உள்ள போயிட்ட. இன்னும் ரெண்டு வருஷம். ஒவ்வொரு தடவ நீ பேசி வெச்சதும் ரெண்டு நாள் சாப்பிடாம கெடப்பா. யாரு பாக்குறது? உன்ன மறந்தாதான் அவ உருப்படுவா."

"என் பொண்ணுக்கா அது."

"பெத்தா மட்டும் போதுமா?"

வைத்துவிட்டாள். தீர்ப்பு வந்த அன்று இவள் தோளில்தான் விழுந்து அழுதேன். "என் சொந்தப் பிள்ளையா வெச்சுப்பேன்" என்றாள். சொன்னபடியே செய்திருக்கிறாள்.

அக்டோபர் 8

அக்காவின் எண்ணுக்கு இனி இணைப்பு கிடையாதாம். எதிர்ப்பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

அக்டோபர் 12

நல அலுவலர் ஜானெட்டிடம் போய் நின்றேன். பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை என்றால், சுற்றுலா என்று நம்பிப் போட்ட சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றார். "படிச்சுப் பாக்காமயா போட்டீங்க?" அக்கா நீட்டியதை எப்போது படித்திருக்கிறேன்? அறைக்கு வந்து கடிதம் எழுதினேன். கெர்ரிதான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்த்தாள். கேலி இல்லை, ஒரு வார்த்தை கூட.

நவம்பர் 20

பாஸ்போர்ட் நின்றுவிட்டது, ஜானெட் சொன்னார். லூப்பேயும் பள்ளியில் போய், டோங்காவுக்குப் போகமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். தோழி நயோமி வீட்டில் இருக்கிறாளாம். அவர்கள் எண்ணை என் பட்டியலில் சேர்க்க மூன்று வாரம் ஆகும்.

தூக்கம் வருகிறது. அக்காவை மன்னிக்க வரவில்லை.

டிசம்பர் 14

நயோமி வீட்டு எண். முதல் மணியிலேயே லூப்பே எடுத்தாள்.

"பெரியம்மா நேத்து தனியாத்தான் ஃப்ளைட் ஏறுச்சு. அழுதுகிட்டே எனக்குக் கறி வெச்சு லூ செஞ்சு, சேப்பிலையில பொட்டலம் பொட்டலமா கட்டி இங்க ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுப் போச்சு." நான் கேட்காமலே, "சாப்பிட்டேன்" என்றாள்.

"நல்லா இருந்துச்சா?"

"ம்."

பிறகுதான் ஆரம்பித்தாள். "நாலு பக்கம்! ஒரு வரி கூடவா படிக்கல? என்னைய எங்க அனுப்புறாங்கன்னு பாக்கத் தோணலயா உனக்கு? ஒரு அம்மா இப்படியா…"

அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டே நின்றேன். பாதித் திட்டில் இணைப்பு அறுந்தது.

நாளை நாலு மணிக்கு போன் வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டும்.