காஞ்சதும் எடுக்கறேன்

மார்ச் 4, இரவு

அன்புள்ள சித்திக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் வரமாட்டேன் என்கிறது. அப்பா கூடத்தில் தூங்குகிறார். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் குறட்டை நின்றால் என் பேனாவும் நின்றுவிடும்.

அப்பா ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டப் போய்விடுவார். நான் பள்ளிக்கூடம். அம்மாவுக்கு இந்த வெளிநாட்டு ஊரில் பேச ஒரு ஜீவன் இல்லை. புடவை மடிக்க மறுமுனை பிடிக்கக்கூட ஆள் இல்லாமல், ஒரு முனையைக் கதவிடுக்கில் செருகிவிட்டு மடிப்பாள். ஒரு நாள் பால்கனியில் காயப்போட்ட புடவை காற்றில் பறந்து கீழ்வீட்டுப் பால்கனியில் விழுந்தது. அந்த வீட்டு நர்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் நாடு வேறு, பாஷை வேறு. கேட்காமலே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் மடித்து மடித்து நெருங்கி வந்து, மூக்கு முட்டும் தூரத்தில் நின்றார்கள். அம்மா சிரித்துவிட்டாள். அடுத்த வாரம் காற்றே இல்லை. ஆனாலும் புடவை விழுந்தது.

இப்போது நர்ஸ், ஓட்டலில் அறை சுத்தம் செய்கிற அக்கா, மூன்றாம் மாடிச் சமையல்காரம்மா எல்லோரும் ஞாயிறன்று மாடிப்படித் திருப்பத்தில் கூடி, ஒருவர் வீட்டுப் போர்வையை ஒருவர் மடிக்கிறார்கள். ஆளுக்கொரு பாஷை. எப்படியோ எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

ஆனால் கட்டட மேனேஜர் வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். பால்கனியில் துணி தொங்கினால் கட்டடத்தின் முகம் கெடுகிறதாம். இன்னொரு முறை கண்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். அப்பா அம்மாவிடம், "உன் புடவையால தெருவுல நிக்கப்போறோம். பேசாம நீயும் உன் பொண்ணும் ஊருக்குக் கிளம்புங்க" என்றார். வம்பு வந்தால் மட்டும் நான் அம்மாவுடைய பெண்.

பயமாக இருக்கிறது சித்தி. அப்பாவிடம் எதையும் கேட்டுவிடாதீர்கள். பதிலை நர்ஸ் வீட்டு முகவரிக்குப் போடுங்கள். பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உங்கள் வாண்டு

மார்ச் 18

வாண்டுக் கண்ணுக்கு,

உன் அம்மா சிரித்தாள் என்ற இடத்தை உன் சித்தப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஆனால் ஒரு சிரிப்பை நம்பிக் குடும்பம் நிற்குமா? சொல்லாதே என்றாய். எனக்கு மனசு கேட்கவில்லை. உன் அப்பாவுக்கு போன் செய்து, "அவங்களை இங்க அனுப்பிடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாராம். உன் கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

பின் அறையைக் காலி செய்து வெள்ளை அடித்தாயிற்று. உன் பழைய டீச்சரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே மொட்டை மாடி இருக்கிறது, எத்தனை புடவை வேண்டுமானாலும் காயட்டும். உன் அம்மா சின்ன வயசிலிருந்தே வாயில்லாப் பூச்சி. அவளால் அங்கே மல்லுக்கு நிற்க முடியாது. தோற்று வந்தாலும் தங்கை வீடுதானே? யார் சிரிக்கப் போகிறார்கள்?

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
சித்தி

ஏப்ரல் 3, இரவு

சித்திக்கு,

எனக்கும் அம்மாவுக்கும் விமான டிக்கெட் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசி வெள்ளி. சொல்லாதீர்கள் என்றுதானே எழுதினேன்? பெரியவர்களுக்கு மனசு கேட்காது. எங்களை யாரும் கேட்கமாட்டார்கள்.

நேற்று நடந்ததைக் கேளுங்கள். மேனேஜர் கத்தரிக்கோலோடு வந்து எங்கள் கொடிக்கயிற்றை அறுத்தார். அம்மாவுக்கு இந்த ஊர் பாஷை வராது. என்னை முன்னால் தள்ளி, "நான் சொல்றதை ஒரு வார்த்தை குறையாம அவர்கிட்ட சொல்லு" என்றாள். "வீட்டுக்குள்ள காயப்போட்டா சுவரெல்லாம் பூஞ்சை. முதல்ல பூஞ்சைக்கு நோட்டீஸ் ஒட்டுங்க. அது காலி பண்ணட்டும், அப்புறம் நாங்க பண்றோம்." என் குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. ஆனால் சொன்னேன். அவர் முகம் சிவந்து இறங்கிப் போனார்.

அவர் தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மா அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுப் புடவையை விரித்தாள். கீழே நர்ஸ் தன் யூனிஃபார்மைத் தொங்கவிட்டார். ஓட்டல் அக்கா போர்வைகளை. சமையல்காரம்மா இன்னும் ஒரு படி மேலே போய், தன் வீட்டுக்காரருடைய உள்ளாடைகளை வரிசையாகக் கிளிப் போட்டார். பேர் தெரியாத வீடுகளிலிருந்தெல்லாம் துணி இறங்கியது. மேனேஜர் அண்ணாந்து மாடி மாடியாகப் பார்த்தார். எத்தனை வீட்டைத்தான் காலி செய்யச் சொல்வார்?

அப்போது அப்பாவின் வேன் வந்தது. தெருவில் நின்றபடியே, "மானம் போகுது! உள்ள எடு!" என்று கத்தினார். அம்மா கைப்பிடியில் சாய்ந்து, தெருவே கேட்க, "காஞ்சதும் எடுக்கறேன்" என்றாள். வாயில்லாப் பூச்சி என்று எழுதினீர்களே, அந்தப் பூச்சிதான்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா டிக்கெட்டை அம்மாவிடம் நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இருக்கு" என்றாள் அம்மா.

"என்ன வேலை? புடவை பறக்க விடறதா?"

"ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல. நர்ஸம்மா சேர்த்துவிட்டாங்க."

"எனக்குச் சொல்லாமயா?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அன்னிக்கு டாக்சி வரும். ஏறித்தான் ஆகணும்" என்றார். ஆனாலும் நாங்கள் வருவதாக இல்லை சித்தி. பின் அறையில் வேறு யாரையாவது வையுங்கள்.

வாண்டு

ஏப்ரல் 14

வாண்டுவுக்கு,

பெரியவர்களை எதிர்த்துப் பேச அந்த ஊர் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறது. வேலை இன்று இருக்கும், நாளை போகும். பக்கத்து வீட்டுக்காரி வேறு வீடு பார்த்துப் போய்விடுவாள். கூடப்பிறந்தவள் எங்கே போவாள்? உன் அம்மாவிடம் சொல். அந்த வெள்ளிக்கிழமை வராவிட்டால் இனி எந்த வெள்ளிக்கிழமையும் வர வேண்டாம். இதை எழுதிவிட்டு நான் சாப்பிடவில்லை. அதையும் சொல்.

சித்தி

ஏப்ரல் 24, இரவு

சித்திக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "சித்திக்கு என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன். "நடக்கறதை எழுது" என்றாள். எழுதுகிறேன்.

இன்று காலை டாக்சி வந்தது. அப்பாவே பெட்டிகளைக் கட்டி, அவரே கீழே இறக்கி வைத்திருந்தார். அம்மா வேலைக்குப் போகிற செருப்பை மாட்டிக்கொண்டாள். "கனமா இருக்கு, குனிஞ்சு தூக்காதீங்க. சாயங்காலம் நான் வந்து ஒரு கை பிடிக்கறேன், மேல ஏத்திடலாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, நர்ஸோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். ஓட்டல் அக்காவும் சமையல்காரம்மாவும் வாசற்படியில் வந்து நின்றார்கள். அம்மா தெருமுனை தாண்டும்வரை நின்றார்கள்.

அப்பா என் கையைப் பிடித்தார். "நீயாவது ஏறு. சித்தி காத்துக்கிட்டிருக்கா." அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது. அவருக்கும் பயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்சிக்காரர் கண்ணாடியை இறக்கி, "ஏர்போர்ட்டுக்கு யாரு?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை" என்றேன்.

கையை விடுவித்துக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிட்டிருந்தது. ஏன் தாமதம் என்று டீச்சர் கேட்டார். வீட்டில் கொஞ்சம் வேலை இருந்தது என்று சொல்லி, என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

வாண்டு