அக்கா கல்யாணமும் ஒரு காளானும்

செப்டம்பர் 7

சின்னவள் போன் செய்தாள். அக்கா கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாயா என்று கேட்டால், "காளான் வரணும் பாட்டி" என்கிறாள். காளானுக்கா பத்திரிகை வைத்திருக்கிறோம்?

செப்டம்பர் 9

பக்கத்து வீட்டு டீச்சரம்மா, உங்கள் பேத்தி வெளிநாட்டில் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். யாரும் கோடாலியே வைக்காத பழங்காடு, ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்க ஐந்து ஆள் வேண்டும், அதற்குள்ளே இருக்கிற செடியையும் காளானையும் ஆராய்ச்சி செய்கிறாள் என்று கொஞ்சம் கூட்டியே சொன்னேன். "காளானா? எங்க குளியலறைக்குப் பின்னாடியே முளைக்குதே!" என்றார். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர். அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் என்ன சொல்ல?

செப்டம்பர் 15

அப்படி என்ன பெரிய காளான் என்று இன்று கேட்டே விட்டேன். படம் காட்டினாள். அங்கே ஒரு செடி, மெழுகுவத்தி மாதிரி வெள்ளை வெளேரென்று. இலை கிடையாது. பச்சை இல்லாததால் தானே ஆக்கித் தின்ன வழியில்லை. மண்ணுக்குள்ளே நூல் நூலாக ஓடும் பூஞ்சை, பெரிய மரத்திடம் வாங்கி வந்து அதற்கு ஊட்டுகிறதாம். உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு. என் இளைய மகனேதான்.

எந்தப் பூஞ்சை ஊட்டுகிறது என்று தெரிய, அது காளானாகக் குடை விரித்து வெளியே வரவேண்டும். மழைக்குப் பிறகு, வருஷத்துக்கு ஒரே தடவை, அதுவும் கல்யாணம் வருகிற இந்தச் சமயத்தில்தான். தேதி சொல்லாது. வந்தால் இரண்டு மூன்று நாளில் அழுகிவிடும்.

"வேற யாரையாவது பார்த்துக்கச் சொல்லேன்டி."

"அவங்கவங்களுக்கு அவங்கவங்க இடம் இருக்கு பாட்டி. என் செடிகிட்ட நான்தான் இருக்கணும்."

செடிக்குக் காவல். அக்காவுக்கு யார்?

செப்டம்பர் 21

எல்லாம் என் தலையில் வந்து விடிந்தது. மூத்த மகன், பெண்களின் அப்பா, போனைப் போட்டு என் கையில் திணித்தான். "நீங்க சொன்னாத்தான் கேப்பா. வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா." மருமகள் அடுப்படி வாசலில், கல்யாணப் பெண் பெரியவள் கட்டிலில். எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் அவள் அழுகிறாள். "நீ வான்னா வந்துடறேன் பாட்டி. ஆராய்ச்சி ஒரு வருஷம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே."

வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இருடி, இருந்து பார்த்துட்டு வா" என்று வந்துவிட்டது. எனக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?

பெரியவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 22

பெரியவள் என்னோடு பேசவில்லை. தங்கையோடும் இல்லை.

செப்டம்பர் 30

இன்னும் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று என்னிடம் கேட்பதற்குப் பதில் சுவரைப் பார்த்துக் கேட்கிறாள். சுவர் வேண்டாம் என்றது.

அக்டோபர் 12

கல்யாணம் முடிந்தது. பார்த்தவரெல்லாம் "தங்கச்சி எங்கே?" முதலில் கேட்டவர்களுக்குச் செடி, பூஞ்சை, மரம் என்று விவரமாகச் சொன்னேன். அப்புறம் அலுத்துப்போய்ப் பரீட்சை என்று சொல்லித் தீர்த்தேன்.

மாப்பிள்ளையின் அத்தை விடவில்லை. "காளான் பறிக்கவா போயிருக்கா?"

"பறிக்க இல்லைங்க. பார்க்க."

"பார்க்கவா!" பந்தியே சிரித்தது.

போட்டோக்காரர், பெண்ணோடு கூடப்பிறந்தவர்கள் மேடைக்கு வாருங்கள் என்றார். பழக்கத்தில் பெரியவள் கொஞ்சம் தள்ளி இடம் விட்டு நின்றாள். யாரும் ஏறவில்லை. பிறகு அவளே நகர்ந்து அந்த இடத்தை மூடிக்கொண்டாள். அந்தக் காளான் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் பிய்த்து எறிந்திருப்பேன்.

அக்டோபர் 20

காளான் வந்ததா என்று சின்னவளிடம் கேட்டேன். இல்லை என்றாள்.

நவம்பர் 2

அங்கே பனி உறைய ஆரம்பித்துவிட்டது. இனி இந்த வருஷம் கிடையாதாம். நல்ல மழை, நல்ல ஈரம், காட்டில் மற்ற காளானெல்லாம் வந்தாயிற்று. இந்த மகராசி மட்டும் வரவில்லை. காட்டை, காளானை, அவள் பேராசிரியரை, ஒருவர் விடாமல் திட்டினேன்.

"வரலைங்கறதும் ஒரு விஷயம்தான் பாட்டி. தினம் போய்ப் பார்த்தவதான் அதைச் சொல்ல முடியும்."

இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? மகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கக்கூட இல்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தினம் குளிர்ல நின்னிருக்காடா எம்பேத்தி, உன்னால ஒரு நாள் முடியுமா?" என்று கத்திவிட்டேன்.

நவம்பர் 9

பெரியவளும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தார்கள். சாப்பிட்டு முடிக்கும்போது சின்னவள் போன். வாசல் பக்கம் போய்ப் பேசலாம் என்று எழுந்தேன். பெரியவள் கையை நீட்டினாள். கொடுத்தேன்.

"வந்துச்சாடி?"

"இல்லக்கா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லக்கா."

"சனியனே! வராத காளானுக்காகவாடி என் கல்யாணத்துக்கு வராம இருந்தே?"

அங்கே அவள் அழ, இங்கே இவள் அழ, மாப்பிள்ளை பாவம், எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். போனைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் இவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, அழாதே. அந்த வெள்ளைச் செடியைக் காட்டு. அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பார்க்கறேன்" என்றாள்.

இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று வயரைக் கொண்டுபோய்ச் சொருகினேன். வெளிச்சத்தை மறைக்காதே பாட்டி என்று இரண்டு பேரும் என்னைத்தான் விரட்டுகிறார்கள்.