லீதியாளின் நடுப்பெயர்

1941 அக்டோபர் 12, ஞாயிறு

பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. தலையில் தண்ணீர் விழுந்ததும் அவள் கத்திய கத்தில் கோயிலே திரும்பிப் பார்த்தது. பாஸ்டர் ஐயா பெயர் கேட்டார். "லீதியாள்" என்றேன். அது என் வீட்டுக்காரருடைய அம்மா பெயர், முன்பே பேசி வைத்தது. அதோடு என் வாய் நிற்கவில்லை. நடுவில் ஒரு பெயர் பாக்கி இருக்கிறது, பிள்ளையின் அப்பா மலாயாவிலிருந்து வந்து சொல்லுவார் என்றும் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் விளையாட்டு அவர்களுக்கு எங்கே தெரியும்? இவர் மதுரையில் ஒரு அமெரிக்கப் பாதிரியாரிடம் டைப்பிஸ்டாக இருந்தவர். அந்த ஆபீஸ் சுவரில் அவர்கள் நாட்டு ஜனாதிபதிகள் எல்லாரும் வரிசையாகத் தொங்குவார்களாம். பலருக்கு மூன்று பெயர். நடுப்பெயர் எல்லாம் இவருக்கு மனப்பாடம். நான் உபதேசியார் மகள். அப்பாவோடு சுற்றுப்பக்கத்து ஊரெல்லாம் நடந்தவள். எந்த ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று என்னிடம் கேட்கலாம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் டம்ளரில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி அவர் ஒரு ஜனாதிபதியைக் கேட்பார், நான் ஒரு ஊரைக் கேட்பேன். 'தோத்தேன்' என்று வாயால் சொன்னால்தான் விடை. தோற்றவர் கிணற்றில் தண்ணீர் இறைக்க வேண்டும். நான் அந்த வார்த்தையை ஒரு நாளும் சொன்னதில்லை. விடை தெரியாவிட்டால் மறுநாள், மறு வாரம் என்று இழுத்தாவது கண்டுபிடித்துவிடுவேன். எப்போதும் அவர்தான் இறைத்தார்.

மலாயா புறப்பட்டு ரயில் ஏறும்போதும் விடவில்லை. ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு. "ஏட்டி ரத்தினம், நம்ம பிள்ளைக்கு நடுப்பேரு ஒண்ணு நெனச்சு வச்சிருக்கேன். ஆணோ பொண்ணோ, ரெண்டுக்கும் பொருந்தும். சொல்லு பாப்போம்." வண்டி நகர நகர நானும் கூடவே நடந்து ஐந்தாறு பெயர் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார். "தோத்தேன்னு என் காதால கேட்டாத்தான் சொல்லுவேன். தபால்ல தோத்தாச் செல்லாது."

1942 பிப்ரவரி 17

சிங்கப்பூரும் ஜப்பான்காரர் கையில் விழுந்துவிட்டதாம். இவர் வேலைக்குப் போன ரப்பர் தோட்டம் இருக்கும் பேராக் முன்னமே போயிற்று. இவருடைய அக்காள் ஏசம்மாள் மதினி காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் சாப்பிட்டேன். பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்க முடியுமா?

1942 ஜூலை 5

தபால் நின்று ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது.

மத்தியானம் நான்கு தட்டு எடுத்து வைத்தேன். மதினிக்கு, எனக்கு, பிள்ளை தட்டி விளையாட ஒன்று, அவருக்கு ஒன்று. மதினி அந்த நான்காவது தட்டைப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள். பாவம், வெள்ளைச் சேலை கட்டி இந்த வீட்டுக்குத் தம்பியை நம்பி வந்தவள். இப்போது அவள்தான் தண்ணீர் இறைக்கிறாள். நான் குடத்தைத் தொடுவதில்லை. சோம்பல் என்று தெருவில் பேசுகிறார்கள். தொட்டால் நான் தோற்றதாக ஆகிவிடும். இதை யாரிடம் சொல்ல?

அடுப்படியில் முதுகைக் காட்டி நிற்கும்போது டம்ளர் தட்டும் சத்தம் கேட்கிறது. இரண்டு தட்டு. திரும்பினால் யாரும் இல்லை. இன்று நான் திரும்பவில்லை. "ரூஸ்வெல்ட்டு" என்றேன் சுவரைப் பார்த்து. "டிலானோ" என்றும் நானே சொன்னேன். இதைச் சொல்லிக்கொடுத்த அன்று, அது ரூஸ்வெல்ட்டுடைய தாய் வீட்டுப் பெயர், அங்கே அப்படியும் வைப்பார்கள் என்று இவர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் குழம்புக் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

1942 ஜூலை 6

ஆதியாகமத்திலிருந்து பெயர்களைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துவது ஒன்றும் அகப்படவில்லை. ஒரு வேளை ஊர்ப் பெயரோ? என்னை மடக்க அதையும் செய்வார். மம்சாபுரம் என்றா பிள்ளைக்கு வைப்பார்கள்? நினைத்து நினைத்துச் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது.

1943 நவம்பர் 21, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. காணிக்கைப் பொருள் ஏலம் முடிந்ததும் வாலிபர் சங்கத்தார் கேள்விப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு ஒரு போத்தல் மண்ணெண்ணெய். இந்தப் பஞ்ச காலத்தில் கிழவிகள்கூடப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். கேட்டவர் ராஜபாளையத்திலிருந்து வந்த வாத்தியார் காசிராஜன். நம் வில்லிபுத்தூருக்கு எந்த வேடன் பேரால் பெயர் வந்தது என்றார். வில்லி என்றேன். ராஜபாளையத்துக்கு ராஜா யார் என்றார். ஊர் முழுக்க ராஜாக்கள்தான், அதனால்தான் அந்தப் பெயர் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு மேஜையில் பென்சிலால் இரண்டு தட்டுத் தட்டி, "ரூஸ்வெல்ட்டின் நடுப்பெயர்?" என்றார்.

சத்தியமாக இரண்டு தட்டு. பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவர் நிற்கிற மாதிரி இருந்தது, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு. தெரிந்த விடை. நான் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் வேறு யாருக்கோ போயிற்று. மதினி வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

1944 ஆகஸ்ட் 2

லீதியாள் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். கொட்டாங்கச்சியை இரண்டு தட்டுத் தட்டி, "அடுத்த கேள்வி" என்றாள். அவருடைய சொல், அவருடைய இழுப்பு. நான் தூக்கத்தில் உளறுவதைக் கேட்டிருப்பாள் என்று மதினி சொல்லுகிறாள். அப்படித்தான் இருக்கும்.

1945 ஜூலை 30

மதுரையிலிருந்து ஒரு அமெரிக்க அம்மாள் பள்ளிக்கூடத்தில் நான் நடத்தும் தையல் வகுப்பைப் பார்க்க வந்தாள். பிள்ளைகளின் காஜா தையலை மெச்சினாள். புது ஜனாதிபதி ட்ரூமனுக்கு நடுவில் 'எஸ்' என்று போடுகிறார்களே, அது என்ன பெயர் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அது எந்தப் பெயரும் இல்லையாம், வெறும் எழுத்துதானாம். இது அவர் ஊரை விட்டுப் போன பின் வந்த ஆள். அவருக்குத் தெரிந்திருக்காது. நல்ல கேள்வி. வரட்டும், கேட்கிறேன். இந்த ஒன்றில் தோற்பார்.

1945 டிசம்பர் 19

மலாயாவிலிருந்து கப்பல் வர ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டேஷனுக்குப் போய் நின்றுவிட்டு வருகிறேன். இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள். கன்னம் ஒட்டி, பெரிய கண்ணாக.

1946 மார்ச் 9

எழுதக் கை ஓடவில்லை. எழுதியாக வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே புண் ஆறிய தழும்பு. கூமாப்பட்டிக்காரர், பெயர் சுயம்புலிங்கம். என் வீட்டுக்காரர் கிராணியாகக் கணக்கெழுதிய தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டினவராம். மதினி கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஹார்டிங்கு?" என்றார்.

"கமாலியேல்."

"கார்பீல்டு?"

"ஆபிராம்."

"ஹூவரு?"

"கிளார்க்கு" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை வருஷமாயிற்று சிரித்து! வந்தவர் எழுதப் படிக்கத் தெரியாதவராம். ஜப்பான்காரர்கள் தோட்டத்தாரை எல்லாம் சயாம் காட்டுக்குத் தண்டவாளம் போடக் கொண்டுபோனார்களாம். அங்கே மழைக் கொட்டகையில் படுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் எல்லாரையும் கேள்வி கேட்பாராம். தோற்றவன் மற்றவனுக்குத் தண்ணீர் காய்ச்ச வேண்டுமாம். பக்கத்து ஊர்க்காரரான தனக்கே வில்லிபுத்தூருக்குப் பெயர் வந்த கதை அங்கே போய்த்தான் தெரிந்தது என்றார். இத்தனையும் கேட்டுவிட்டு, அவர் எந்தக் கப்பலில் வருகிறார் என்று கேட்டேன்.

சுயம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். வாந்திபேதி. நடக்க முடிந்தவர்களை அடுத்த முகாமுக்கு ஓட்டிப்போயிருக்கிறார்கள். என் வீட்டுக்காரரைக் கொட்டகையில் விட்டுவிட்டார்கள். "நான் பாக்கையில உசிரு இருந்துச்சு டீச்சரம்மா. பொறவு எனக்குத் தெரியாது."

உயிர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். அவரிடம் திரும்பத் திரும்ப அதையே சொல்லச் சொன்னேன். சொன்னார். பிறகு எழுந்து நின்று, "ஒண்ணு சொல்லச் சொன்னாவ. பிள்ளைக்கு நடுப்பேரு. நீங்க தோத்தேன்னு சொன்ன பொறவுதான் சொல்லணும்னு சத்தியம் வாங்கிக்கிட்டாவ" என்றார்.

"சொல்லக் கூடாது" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வந்த மனுஷருக்கு ஒரு வாய்ச் சோறு போடவில்லை.

1946 மார்ச் 10

ஏன் விரட்டினேன்?

என் காதால் கேட்டால்தான் சொல்லுவேன் என்றவர் அவர். சின்ன விஷயத்தில்கூட விதியை மீறாத ஆள். அதை எடுத்து இன்னொருத்தர் கையில் கொடுத்திருக்கிறார் என்றால் — இல்லை. எழுத மாட்டேன்.

1946 மார்ச் 24

டம்ளர் சத்தம் இப்போது கேட்பதில்லை. அது கேட்ட நாளைவிட இதுதான் பயமாக இருக்கிறது.

1946 ஏப்ரல் 11

இன்று மதினி வெடித்துவிட்டாள். காரணம் ஒன்றுமில்லை, நான்காவது தட்டு. அவள் அதை எடுத்து உள்ளே வைத்தாள், நான் மறுபடி எடுத்து வைத்தேன்.

"நீ தாலியோட திரியிறவரைக்கும் நான் எந்தம்பிக்கு அழ முடியுதா? நாலு வருசமா நெஞ்சுல கெட்டி வச்சிருக்கேன். அவன் உனக்கு மட்டுந்தானா புருசன்? எனக்கு அவன் நான் தூக்கி வளத்த பிள்ளைட்டி."

லீதியாள் சோற்றில் கையை வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருஷம் தண்ணீர் இறைத்தவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் பிடித்த பிடிவாதத்தில் அவள் அழுகையையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டேன்.

1946 ஏப்ரல் 13, சனி

மூன்று பேரும் கூமாப்பட்டிக்குப் போனோம். கிருஷ்ணன்கோவில் தாண்டி வத்திராயிருப்பு வரைக்கும் பஸ், அப்புறம் வண்டி. மலை பக்கத்தில் வர வர லீதியாளுக்கு ஒரே குஷி.

சுயம்புலிங்கம் மாந்தோப்பில் காய் இறக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாய்க்காலில் கை கால் கழுவிவிட்டு வந்தார். என் முன்னால் நின்றார், அவ்வளவுதான்.

"தோத்தேன்" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை தோப்பில் காய் பொறுக்கியவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஞானரத்தினம்" என்றார்.

ஒரே ஒரு தடவை பார்த்த ஆண்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. "என்ன?" என்றேன்.

"அதான் பேரு. லீதியாள் ஞானரத்தினம் எலியேசர். கடைசியில அவிய பேரு. மூணையும் சேத்துச் சொல்லணும்னாவ. வெள்ளைக்காரன் நடுவுல ஆத்தா வீட்டுப் பேரை வைக்கான், நான் ஆத்தா பேரையே வைக்கேன்னாவ. எந்தப் பேரைத் தேடுனாலும் தம் பேரைத் தேட மாட்டா, அவ அப்படித்தான்னு சொல்லி, அந்த நெலமையிலயும் சிரிச்சாவ."

வேதாகமம் பூராவும் தேடினேன். ஊர் ஊராகத் தேடினேன். பிள்ளையின் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் எழுத்து ஒன்று நிற்கும் என்பதைத் தவிர நமக்கு என்ன தெரியும்? டிலானோவை அவர் விளக்கியபோது நான் கரண்டியைத் தேடினேன்.

மதினி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். மாரில் அடித்துக்கொண்டு, தம்பியின் சின்ன வயசுப் பெயர் எல்லாம் சொல்லி. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவர் போய்விட்டார். எழுதிவிட்டேன். அவர் போய்விட்டார்.

புறப்படும்போது சுயம்புலிங்கம் ஒரு கூடை மாங்காய் கொடுத்தார். அவருக்காக வைத்திருந்த ட்ரூமன் கேள்வியை இவரிடம் கேட்டேன். வெகு நேரம் யோசித்துவிட்டுத் தோற்றேன் என்றார். அது வெறும் எழுத்து, பின்னால் பெயரே கிடையாது என்றேன். "அவிய கேட்டிருந்தா எம்புட்டு ரசிச்சிருப்பாவ" என்றார்.

1946 ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

மதினியிடம் வெள்ளைச் சேலை ஒன்று கேட்டேன். கொசுவத்தைச் சொருகிவிட்டு, என் கழுத்துக்குப் பின்னால் கை வைத்துத் தாலியை அவளே கழற்றினாள். கோயிலில் யாரும் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்து பாஸ்டர் ஐயாவிடம் பிள்ளையைக் கூட்டிப்போனேன். நடுப்பெயர் வந்துவிட்டது என்றேன். லீதியாள் கையில் குருத்தோலையோடு, மூன்று பெயரையும் மூச்சு விடாமல் சொன்னாள். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் மூன்று தட்டு எடுத்தேன். சாப்பிட்டு முடிந்ததும் மதினி வழக்கம்போலக் குடத்தை எடுக்க எழுந்தாள். நான் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். கயிறு உள்ளங்கையை அறுத்தது. தொட்டி நிறையும்வரை இறைத்தேன்.